பனியில் கிடந்த படம்

என் தங்கை எஸ்தர் அன்று காலை என்னைக் காப்பாற்றினாளா, இல்லை, படத்தில் என் பங்கையும் சேர்த்துத் தனதாக்கிக்கொண்டாளா? பதினேழு வருஷமாகிறது; இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

அந்த வர்ணப் பெட்டியின் வாசனை மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது: ஈரச் சுண்ணாம்பில் தேன் கலந்தாற்போல. மாட்டுப்பட்டி என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா எழுத்தராக இருந்தார். சீமைக்குத் திரும்பிய "துரைசானி", பாதி கரைந்த வர்ண வில்லைகளையும் ஒரே ஒரு தூரிகையையும் கொஞ்சம் தடித்த காகிதத்தையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குப் பத்து வயது, எஸ்தருக்கு ஏழு. கிறிஸ்துமஸுக்குப் பாட்டுப் பாடி வரும் சபையார் எங்கள் முன்னறையில்தான் உட்காருவார்கள் என்பதால், புதிதாக வெள்ளையடித்த அந்தச் சுவரில் மாட்ட எங்களில் ஒருத்தி படம் வரைய வேண்டுமென்று அப்பா சொல்லிவிட்டார்.

பிஸ்கட் டப்பா மூடியிலிருந்த ரோஜாவைப் பென்சிலால் வரைந்து, கோட்டைத் தாண்டாமல் வர்ணம் தீட்ட எனக்கு இரண்டு நாளாயிற்று. எஸ்தரோ காகிதத்தை நனைத்து, நீலத்தையும் பச்சையையும் அதில் ஓடவிட்டு, இப்படியும் அப்படியும் சாய்த்து, டம்ளரில் மிஞ்சிய தேயிலைச் சாயத்தையும் ஓரத்தில் ஊற்றி, அரைமணியில் எழுந்துவிட்டாள்.

"என்னட்டி இது, பூவா, கிளியா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா கலரு."

அப்பா என் ரோஜாவைப் பார்த்து "நல்லாருக்கு" என்றார். எஸ்தருடையதை ஜன்னலருகே எடுத்துப்போய் நெடுநேரம் பார்த்தார். "மழை எறங்கதுக்கு முன்னால நம்ம மலை இப்பிடித்தாம்லா கெடக்கு! ஆசாரிகிட்டச் சொல்லி, தேயிலப் பெட்டிப் பலகையில சட்டம் போட்டுருவோம்."

அன்று பொழுது சாயும் நேரம், அடுப்படியில் காயவைத்திருந்த எஸ்தரின் படத்தைக் கொல்லைப் புல்லின்மேல் கிடத்தி, ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு வந்தேன். குடும்ப ஜெபத்தில் நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.

அது உறைபனிக் காலம் என்பதை மறந்துவிட்டேன். தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் என்று அப்பா பயந்த பனி அது. விடிந்ததும் எஸ்தரின் கூச்சல்தான் என்னை எழுப்பியது.

"அக்கா, ஓடியா! படத்துல பெரணி மொளச்சிருக்கு!"

நனைந்த வர்ணம் உறைந்து, காகிதம் முழுக்கப் பெரணி இலைகளாக, நரம்பு நரம்பாகப் படர்ந்திருந்தது. வெயிலில் பனி உருகிப்போன பின்னும் வர்ணம் அந்த நரம்புகளிலேயே தங்கிவிட்டது. அத்தனை அழகை நான் அதற்குமுன் பார்த்ததில்லை; அதனாலேயே வயிறு இன்னும் எரிந்தது.

"யாருட்டி இத வெளிய வச்சது?" என்றாள் அம்மா.

எஸ்தர் என்னை ஒரு கணம் பார்த்தாள். "நாந்தாம்மா. காயட்டும்னு வச்சேன்."

"கெட்டிக்காரி!" என்று அப்பா அவளைத் தூக்கிச் சுற்றினார். அன்று சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் என் ரோஜாவையும் நனைத்துக் கொல்லையில் வைத்தேன். மேகம் மூடி, பனி விழவில்லை; ரோஜா ஒரு சிவப்புக் கறையாயிற்று.

பாட வந்த சபையார் பெரணிப் படத்தின் முன் நின்று "பிள்ளைக்கு ஆண்டவர் குடுத்த வரம்" என்று எஸ்தரின் தலையைத் தடவினார்கள். பாதி என்னுடையது என்று கத்த வாய் வரைக்கும் வந்தது; கத்தினால் செம்புத் தண்ணீரையும் சொல்ல வேண்டுமே.

இப்போது நான் கொல்லங்கோட்டில் இருக்கிறேன். அப்பா இல்லை, மலைவீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். புருஷனோடு கொழும்புக்குக் கப்பலேறுமுன் எஸ்தர், "இது உன்கிட்டயே இருக்கட்டும்க்கா" என்று படத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஏன் "உன்கிட்டயே" என்றாள்? சட்டத்தில் இருந்த தேயிலை வாசனை போய்விட்டது, நீலம் வெளிறி வருகிறது, இந்த வெக்கையில் வளரும் என் பெண்கள் இருவரும் உறைபனியைக் கண்டதேயில்லை.

போன வாரம் சின்னவள் காகிதத்தில் வர்ணங்களை ஓடவிட்டாள். கோடு தாண்டாமல் வரைந்த மயிலைக் கையில் வைத்துக்கொண்டு மூத்தவள் அதைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. பிறகு சுவரைக் காட்டி, "அம்மா, அந்தப் படம் ஆரு வரைஞ்சது, சித்தியா?" என்று கேட்டாள்.

அடுப்பைப் பார்க்க வேண்டுமென்று அடுக்களைக்குள் போய்விட்டேன். நடந்ததைச் சொன்னால் அவளுக்குப் புத்தி வருமா, வழி தெரிந்துவிடுமா? பெண்களை வளர்த்தவர்கள் யாராவது எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். அதுவரை செம்பை அவளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன்.