கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் காட்டிய கோடை

தண்ணீரால் குளிர வைக்கிற கம்ப்யூட்டர் என்றால் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றுதான் முதலில் நம்பினேன். மாட்டுக்குக் காட்டுகிற மாதிரி காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. நம்பியதோடு நிற்கவில்லை, ஏற்பாடும் செய்துவிட்டேன். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவது மாமியார் வீட்டு விருந்தாளி வருகிற மாதிரி. வருகிற நாள் தெரியாது, வந்துவிட்டால் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஆகவே பந்தல்குடி ரோட்டுப் பழைய சாமான் கடையில் ஒரு நீல டிரம் வாங்கி வந்து கழுவி, கம்ப்யூட்டர் அறை மூலையில் நிறுத்தினேன். போர்த் தண்ணீரைக் கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். எங்கள் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. அந்த மெஷின் என்ன பாவம் செய்தது என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவு பாடும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்காக.

மனைவிக்கு ஓசூர்ப் பக்கம் டீச்சர் வேலை. மகள் அவளோடு இருந்து கல்லூரியில் கடைசி வருஷம் படித்தாள். அருப்புக்கோட்டை வீட்டுக்கும் பரளச்சியில் கிடக்கிற மானாவாரி நிலத்துக்கும் ஓர் ஆள் வேண்டும் என்று குடும்பத்தில் தீர்மானம் போட்டபோது நானும்தான் கையைத் தூக்கினேன். எனக்கு வீட்டிலிருந்தே பிளக்ஸ் பேனர் டிசைன் செய்கிற வேலை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. நாள் முழுக்கச் சிரித்த முகங்களுக்கு நடுவேதான் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் படத்தில்.

மகளோடு போனில் பேசினால் இப்படித்தான் போகும்.

"சாப்ட்டியாம்மா?"

"ம்."

"காலேஜு?"

"போச்சுப்பா."

"அம்மா?"

"இருக்காங்க."

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் தன் லேப்டாப்பிலும் நான் அவள் விட்டுப்போன இந்தப் பெரிய மெஷினிலும் உட்கார்ந்து லாரி ஓட்டுவோம். அது ஒரு கேம். ஏதோ ஒரு குளிர்தேசத்து ரோடு. நான் முன்னால் லோடு ஏற்றிப் போவேன், அவள் பின்னால் வருவாள். காதில் ஹெட்போன். கண் ரோட்டில் இருக்கும்போது அவளுக்கு வாய் திறந்துவிடும். எந்தத் தோழி பேசுவதில்லை, எந்தப் பேப்பர் ஊத்திக்கொள்ளும், கேன்டீனில் எது சகிக்காது, எல்லாம் வரும். நடுவில் எனக்குத் திட்டும் வரும்.

"இண்டிகேட்டர் போடாமத் திரும்புறீங்கப்பா. உங்களுக்கு யாரு லைசென்ஸு குடுத்தது?"

சித்திரை வெயிலில் மெஷின் சூடேறி நடுரோட்டில் நிற்க ஆரம்பித்தது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குரலைத் தாழ்த்தி, "அப்பா, ஒண்ணு சொல்லணும். அம்மாட்ட நீங்கதான் பேசணும். என்னன்னா..." என்றாள். திரை கறுத்துப் போனது.

நான் சுவிட்சை அமுக்கினேன், பெட்டியைத் தட்டினேன், கடைசியில் முறத்தை எடுத்து வந்து விசிறினேன். அது ஆறி எழுந்திரிப்பதற்குள் அவளுக்குச் சொல்கிற மனசு போய்விட்டது. போனில் கேட்டேன். பின்னால் அவள் அம்மா குக்கர் திறக்கிற சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்லப்பா, இன்னொரு நாளு சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அம்மாவிடம் எதற்கு நான் பேச வேண்டும்? மறுநாள் பொழுது சாய்வதற்குள் என் மனதில் அவளுக்கு இரண்டு தடவை ரெஜிஸ்டர் கல்யாணம் நடந்து, நானும் ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷன் போய் வந்துவிட்டேன். அவள் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கிற அன்று மெஷின் நிற்கக் கூடாது. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வீடியோவில் எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டருக்குள் குழாய் குழாயாகத் தண்ணீர் ஓட விட்டிருந்தான். அதைப் பார்த்துத்தான் டிரம் வாங்கியது. சாமான் கேட்க மதுரைக் கடைக்குப் போன் போட்டேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் இழுக்கும் தம்பி?"

"மொத்தமே ஒரு லிட்டருதாண்ணே."

"நாளைக்கா?"

"வருசத்துக்குண்ணே. அதே தண்ணிதான் உள்ளுக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். உங்க காருல ரேடியேட்டரு இல்லையா, அது மாதிரி."

எனக்குக் கார் இல்லை என்பதைச் சொல்லவில்லை. டிரம்மைத் துணி ஊறப் போட வைத்துக்கொண்டேன்.

தப்பாக அச்சான ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் பிளான் வரைந்தேன். சின்ன டேங்க், அதன் கீழே பம்பு, பம்பிலிருந்து சூடேறுகிற சிப்புகளின் மேல் உட்காரும் செம்புக் கட்டிகள், அங்கிருந்து ரேடியேட்டர், மறுபடி டேங்க். வறண்ட போரில் மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகிய கதை எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒன்று இருக்கும். ஆகவே டேங்கை எங்கே வைத்தாலும் பம்புக்குத் தண்ணீர் எட்டாதோ என்று பயம். அழித்தேன், வரைந்தேன். மோட்டார் காயில் கட்டுகிற என் நண்பன் ஒரு நாள் வந்து பேனரைப் பார்த்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே என்னைத் திட்டுகிற உரிமை உள்ளவன்.

"ஏலே, எத்தன ஹெச்பி மோட்டாரு?"

"கைக்குள்ள அடங்கிரும்."

"அதுக்கா இம்புட்டுப் பெரிய பிளானு? நம்மூர்ல போரு போடுறவனே படம் போட மாட்டான். தேங்காயக் கையில வச்சு நடப்பான், அது நிமிந்த எடத்துல எறக்குவான்."

"கரண்டும் தண்ணியும் ஒரே பெட்டிக்குள்ளடா."

"அப்பச் சரி. நீ போயிட்டா ஒனக்குப் பேனரு யாரு டிசைன் பண்றது? இப்பவே ஒண்ணு போட்டு வச்சிரு. போட்டோ மட்டும் நல்லதாப் பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மகள் கேட்பாள். "வண்டி எடுக்கலாமாப்பா?"

"நடுவுல நின்னுரும்மா. ரெடியாகட்டும்."

"ஃபேனப் பக்கத்துல வச்சு ஓட்டுங்களேன்."

"ரிஸ்க்கும்மா. அடுத்த வாரம்."

அடுத்த வாரம் பிளானில் ஒரு வளைவு எனக்குப் பிடிக்காது. அதற்கடுத்த வாரம் குழாய்க்கு வாங்கிய மூட்டுகள் அளவு சேராமல் திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் தெருவில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் ஓயும் வரைக்கும் பேனர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். பிறகு அதைச் சுருட்டிவிட்டு ஒருவருக்கு மட்டும் தோசை ஊற்றுவேன். பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. நிம்மதியாக வரைய முடிந்தது.

கடைசியில் எல்லாச் சாமானும் வந்து பூட்டியாயிற்று. உள்ளே ஊற்ற பேட்டரி தண்ணீர் வேண்டும். பேட்டரிக் கடைக்காரர் "எந்த வண்டிக்குண்ணே?" என்றார். கம்ப்யூட்டருக்கு என்றேன். அவர் கேனைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

முதலில் பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ பேப்பர் விரித்து, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஓடியது. ஆனால் குழாயெல்லாம் காற்றுக் குமிழி. பெட்டியைத் தூக்கிச் சாய்த்து ஆட்டினால்தான் போகும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். இரண்டு கையாலும் அணைத்து, முதுகில் கட்டிய பூச்சிமருந்து டேங்கை ஆட்டுகிற மாதிரி மெல்ல மெல்ல ஆட்டினேன். அந்தக் கோடையில் நான் கட்டிப்பிடித்த ஒரே ஜீவன் அதுதான்.

இறக்கி வைத்துக் குனிந்து பார்த்தால் டிஷ்யூ நனைந்திருந்தது.

ஓடிப் போய் மெயினை இறக்கினேன். வீட்டில் ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் நின்றன. நண்பனுக்குப் போன் போட்டு என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வேகத்தில் வண்டியில் வந்தான். டிஷ்யூவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நாக்குல வச்சுப் பாருல."

"பேட்டரி தண்ணிடா."

"வையுல."

வைத்தேன். கரித்தது. என் நெற்றியிலிருந்து இன்னொரு சொட்டு அவன் கண்ணெதிரே டிஷ்யூவில் விழுந்தது.

"லீக்கு மண்டையிலதாம்ல. அதுக்கு வாசர மாத்து" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரம் முழுக்க அவன் கடைப் பக்கம் நான் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளை நானே கூப்பிட்டேன். வந்தாள். லோடு ஏற்றினோம். மெஷின் சத்தமே இல்லாமல் ஓடியது. பாலம் தாண்டி, காட்டுக்குள் நுழைகிற நீண்ட ரோட்டில் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"அன்னைக்கி ஒண்ணு சொல்லணும்னியே. அம்மாட்டப் பேசணும்னு."

"அதுவாப்பா? நானே பேசிட்டேனே. ஒரு மாசம் ஆச்சு."

"என்னம்மா விசயம்?"

"புனேல வேல கெடச்சிருக்கு. அம்மா அவ்வளவு தூரம் விட மாட்டாங்கன்னு பயந்தேன். உங்கள விட்டுச் சொல்லச் சொல்லலாம்னு பாத்தேன், நீங்கதான் மெஷினு மெஷினுன்னு இருந்தீங்க. ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாங்க, அப்புறம் சரின்னுட்டாங்க."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"அம்மா சொல்லிருப்பாங்கன்னு நெனச்சேன்ப்பா. ரோட்டப் பாருங்க, லாரி எதுக்க வருது."

சாப்பிட அம்மா கூப்பிடுவதாகச் சொல்லி அவள் பாதியில் இறங்கிக்கொண்டாள். நான் லோடைக் கொண்டுபோய் இறக்கினேன். மெஷின் ஒரு தடவைகூட அணையவில்லை. ஜூலையில் மகள் புனே போனாள். பெங்களூர் வரை அவள் அம்மா கூடப் போய் ரயிலேற்றி விட்டாள்.