முந்தியில் முடிந்த நெல்

திருநெல்வேலியில் நல்லதாக நாலு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அதில் இரண்டு வீடாவது என் சுண்ணாம்பில் நிற்கும். பெருமைக்காகச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் நான் ஒரு வருஷம்கூட முழுசாக உட்கார்ந்ததில்லை. தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கு ஆகிற சுக்கான்கல் பொறுக்கிக் கூடையில் சுமந்தவன், முப்பத்தைந்து வயதில் அதைச் சுடுகிற காளவாசல் மூன்றுக்குச் சொந்தக்காரன். ஒருத்தரும் என்னைத் தூக்கிவிடவில்லை, என் கையும் என் முதுகும்தான் என்று கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அது பொய். ஒருத்தன் தூக்கிவிட்டான். என் பெண்டாட்டியின் தம்பி.

சுண்ணாம்பு சுடுகிற தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வெந்த கல் சூளையில் இருக்கும்போது மழை பெய்தால் எல்லாம் போயிற்று. தண்ணீர் பட்ட இடமெல்லாம் கொதித்துப் பொங்கிப் பொடியாகிவிடும். என் முதல் சூளை வெந்து முடிந்த அன்று சாயங்காலம் மழை இறங்கியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அக்காளைப் பார்க்க முக்கூடலிலிருந்து வந்திருந்த மச்சினன் பனையோலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு சூளைமேல் ஏறிவிட்டான். நான் கீழேயிருந்து ஓலை எறிய, அவன் மேலே நின்று மூடினான். மூடி முடித்து இறங்கும்போது இரண்டு பாதமும் வெந்திருந்தன. இரண்டு மாதம் என் வீட்டில் படுத்துக் கிடந்தான். அவன் அக்காள் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். "ஏலே, வலிக்காலே?" என்பாள். "இல்லக்கா, அத்தான் சுண்ணாம்பு நல்லா வெந்திருக்கி, அதான் சுடுது" என்று சிரிப்பான். அந்தச் சூளைதான் நான் பிழைத்த பிழைப்புக்கு அஸ்திவாரம். அவன் பாதம் பிறகு சுருங்கி வெளுத்துப்போய்விட்டது. செருப்புக்கூடப் போட முடியாது.

இனி என் மகள் கல்யாணத்துக்கு வருகிறேன். தில்லியில் சக்கரவர்த்திக்கு முடிசூட்டு நடந்ததற்கு முந்தின வருஷம் அது. மாப்பிள்ளை நாங்குநேரிப் பையன், தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை. அவன் தகப்பனார் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவர். எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பத்துக்கு என் பெண் போகிறாள் என்று எனக்குத் தலை கால் புரியவில்லை. கொக்கிரகுளத்தில் என் வீட்டு வாசலிலிருந்து ஆற்றுப் படித்துறை வரைக்கும் பந்தல், இரண்டு செட் மேளம், மூன்று நாள் சாப்பாடு என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஆடியில் ஆற்றங்கரைத் தெருக்களில் பேதி கண்டது. ஆவணியில் கொஞ்சம் அடங்கினாலும் கூட்டம் கூட ஜனங்களுக்குப் பயம். சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் நாங்குநேரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

"அண்ணாச்சி, நாள மாத்த வேண்டாம். கூட்டத்த மட்டும் விட்டுருவோம். ஒங்க வீடு, எங்க வீடு, அம்புட்டுதான்" என்றார் சம்பந்தி.

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சே வே!" என்றேன்.

சம்பந்தியம்மாள் உள்ளேயிருந்தே சிரித்தாள். "ஊரு எங்கயும் போயிராது அண்ணாச்சி. பேரப்பிள்ளைக்குக் காது குத்தும்போது கூப்பிடுங்க, வந்து திங்கும்."

அந்த அம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. அங்கேயே உட்கார்ந்து கல்யாணத்தைப் பங்கு போட்டாள். சமையல்காரன் கிடையாது, எடுபிடி கிடையாது. இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். சும்மா வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறவர் ஒருத்தர்கூட இருக்கக்கூடாது. மணமக்கள் குளிக்க ஆற்றுத் தண்ணீர் எடுத்து வருவது சம்பந்தி. அவர் வாழ்நாளில் குடம் தூக்கியதில்லை. "நானா?" என்றார். "நீங்கதான். தலப்பாவ அவுத்து வச்சிட்டுப் போங்க" என்றாள். சமையல் அவளும் என் பெண்டாட்டியும். மூன்றாம் முடிச்சு வழக்கம்போல் மாப்பிள்ளையின் தங்கை. பூத் தொடுப்பது யார் என்று பேச்சு வந்தபோது என் அக்காள் எழுந்து அடுக்களைக்குள் போனாள். அவள் விதவை. சம்பந்தியம்மாள் அவள் முந்தியைப் பிடித்து உட்காரவைத்தாள். "எங்கன போறிய மைனி? பிள்ளையத் தூக்கி வளத்த கை தொடுக்காம வேற எவ தொடுப்பா?" என்றாள். என் அக்காள் அழுதுவிட்டாள். எனக்கு அந்த எண்ணமே தோன்றியிருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பங்குக்கு மணை போடுகிற கூடத்துத் தரையை நானே என் கையால் பூசினேன். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைத்த சுண்ணாம்பு. கண்ணாடி மாதிரி முகம் தெரியும். இன்றைக்கும் தெரியும், வந்து பாருங்கள்.

தாய்மாமனுக்கு என்ன வேலை என்று யாரும் பேசவில்லை. பேசவேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் கூறைச்சேலை கொடுக்குமுன், பெண் தாய்மாமன் கொண்டுவந்த சேலையை உடுத்தி, அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் மணைக்கு வருவாள். என் பெண்டாட்டி பிறந்த வீட்டில் இன்னும் ஒரு வழக்கம் உண்டு. அந்தச் சேலையின் முந்தியில் தங்கள் வயலில் விளைந்த நெல்லில் ஒரு பிடி முடிந்து கொடுப்பார்கள். என்னைக் கட்டிக்கொண்ட அன்று அவள் உடுத்தி வந்த சேலையிலும் அது இருந்தது.

அந்த வருஷம் ஆடிக் காற்றில் முக்கூடலில் வாழைத்தோட்டம் பூராவும் சாய்ந்துவிட்டது. மச்சினன் வாழையும் தப்பவில்லை. இது காதில் விழுந்ததும் எனக்கு வேறு யோசனை ஓடியது. சேலையைத் தட்டில் வைத்துச் சபையில் கொடுப்பான். சபையென்றால் ஊர்க் கூட்டம் இல்லை, எல்லோரும் பக்கத்தில் இருப்பார்கள். நாங்குநேரிக்காரர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். என்ன நூல் சேலை கொண்டு வருவானோ? நான் டவுனுக்குப் போய் மாம்பழ நிறத்தில் பச்சைக்கரை போட்ட பட்டு ஒன்று எடுத்தேன். பெண்டாட்டியிடம் மூச்சு விடவில்லை. அவனுக்கு உபகாரம் செய்கிறேன் என்றே நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கல்யாணத்தன்று விடியும்போதே அவன் வந்துவிட்டான். கையில் மஞ்சள் துணி சுற்றிய பொட்டலம். வாசலில் சம்பந்தி குடத்தோடு தள்ளாடி வந்துகொண்டிருந்தார். "பைய வாங்க, தண்ணி பூரா தெருவுல கொட்டுது, கல்யாணம் தெருவுக்கா?" என்று கேலி செய்து, குடத்துக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். நான் அவனைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"மாப்ளே, இத வச்சிக்கோ" என்று பட்டைக் கையில் கொடுத்தேன்.

"என்ன அத்தான் இது?"

"மாமன் சேல. நீ கொண்டாந்ததாத் தட்டுல வச்சிரு. படிச்ச மனுசங்க வந்திருக்காங்கல்லா?"

அவன் பட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நானும் கொண்டாந்திருக்கேன் அத்தான். வீரவநல்லூர்த் தறியில சொல்லி நெஞ்சது. அரக்குல மஞ்சக்கர. அக்காளுக்குப் பிடிச்ச நெறம்."

"இருக்கட்டும்லே. அத இன்னொரு நாள் கட்டிக்கிடுவா. வாழையெல்லாம் சாஞ்சி கெடக்க நேரத்துல ஒன்ன யாரு கேட்டா?"

"அக்காட்ட சொல்லிட்டியளா?"

"சொன்னா மாட்டேம்பா. நீ பேசாம செய்யி."

அதட்டிவிட்டேன், அடங்கிவிட்டான் என்று நினைத்தேன். பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனான்.

எல்லாம் நன்றாகவே நடந்தது. பட்டைத் தட்டில் வைத்தான். நாங்குநேரிப் பெண்கள் கரையைத் தடவிப் பார்த்து, "மாமன்னா மாமன்தான்" என்றார்கள். எனக்குக் குளிர்ந்துபோயிற்று. மகள் அதை உடுத்திக்கொண்டு அவன் கையைப் பிடித்துக் கூடத்துக்கு வந்தாள். நான் பூசிய தரையில் அவன் பாதம் இரண்டும் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. என் அக்காள் தொடுத்த மாலை, சம்பந்தி சுமந்த தண்ணீர், மாப்பிள்ளையின் தங்கை போட்ட முடிச்சு. எண்ணி இருபது பேருக்குள்தான் இருந்தோம். ஆனால் அவ்வளவு நிறைவாக ஒரு கல்யாணம் நான் பிறகு பார்த்ததில்லை.

மணையில் உட்காரவைக்கும்போது என் பெண்டாட்டி குனிந்து மகளின் முந்தியைச் சரி செய்தாள். கை முந்தியின் ஒரு முனைக்குப் போயிற்று, பிறகு மறு முனைக்குப் போயிற்று. மறுபடியும் முதல் முனைக்கு வந்தது. முடிச்சைத் தேடுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெல் விஷயத்தை நான் மறந்தே போயிருந்தேன். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தாள்.

பந்திக்கு இலை போட்டபோது மச்சினன் இல்லை. "தோட்டத்துல வேலை கெடக்குன்னு போயிட்டாவ" என்று யாரோ சொன்னார்கள். சம்பந்தியம்மாள் பாயசச் செம்போடு வாசல் வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "தாய்மாமன் கை நனைக்காமப் போற கல்யாணம் உண்டுமா அண்ணாச்சி? என்ன நடந்தது?" என்று கேட்டாள். நான் காற்று, வாழை என்று என்னவோ சொன்னேன்.

பிள்ளைகளை நாங்குநேரிக்கு அனுப்பிவைத்த பிறகு பெண்டாட்டி கேட்டாள். "எந்தம்பி கொண்டாந்த சேல எங்க?"

சொன்னேன். வெளியில் எவ்வளவு பேசினாலும் அவளிடம் எனக்குப் பொய் வராது.

அவள் சத்தம் போடவில்லை. "வெந்த காலோட அவன் நடந்து வந்தாம்லா" என்றாள். அவ்வளவுதான். அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். அதற்கு முன்னெல்லாம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "எங்க முக்கூடல்ல" என்று பேச்சை ஆரம்பிப்பாள், நான் கேலி செய்வேன். அன்றோடு அந்தச் சொல் அவள் வாயில் நின்றுபோயிற்று. கேலி செய்ய எனக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

பேரனுக்குக் காது குத்தினோம். ஊரைக் கூப்பிட்டேன், பந்தலைப் படித்துறை வரைக்கும் போட்டேன். முக்கூடலிலிருந்து ஒரு வண்டி வாழைத்தார் வந்து இறங்கியது. அவன் வரவில்லை. ஆள் விட்டேன், சொல்லி அனுப்பினேன். நேரில் போகமட்டும் எனக்குக் கால் எழவில்லை. மூன்று காளவாசல்காரன் எப்படிப் போய் நிற்பது? ஏழு எட்டு வருஷம் இப்படியே போயிற்று.

ஜெர்மன் சண்டை முடிகிற சமயத்தில் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்ததே, அதில் என் பெண்டாட்டியும் படுத்தாள். நாலாம் நாள் அவளுக்கே தெரிந்துவிட்டது. என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"பொறந்த வீட்டுக் கோடிக்கு நீங்களே போயி நிக்கணும். ஆள விடாதிய."

"அதெல்லாம் என்ன பேச்சு?" என்றேன்.

"பட்டு எடுத்துக் குடுத்துராதிய" என்றாள்.

எங்களில் கல்யாணமான பெண் கண்ணை மூடினால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து மேலே போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். ஆறாம் நாள் விடிகாலையில் அவள் போய்விட்டாள். என் குதிரை வண்டியைப் பூட்டச் சொல்லி நானே போனேன்.

அவன் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். வரப்பில் நான் வருவதைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டான்.

"அக்காளா?"

"ஆமா மாப்ளே."

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். வழியெல்லாம் என்னவெல்லாமோ சொல்ல வேண்டுமென்று கட்டிக்கொண்டு வந்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான். "கோடி கேக்கச் சொன்னா" என்றேன். அவன் எழுந்து, வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனான். வரும்போது கையில் அதே மஞ்சள் துணிப் பொட்டலம். எனக்கு அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

திரும்பி வருகிறபோது வண்டியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். அவன் பாதம் என் பாதத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சேரன்மகாதேவி தாண்டும்வரை அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"மாப்ளே, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க அத்தான். அக்கா காத்துக்கிட்டிருக்கா" என்றான்.

கூடத்தில், நான் பூசிய அந்தத் தரையில், அவளைக் கிடத்தியிருந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்தான். அரக்கு, மஞ்சள் கரை. மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் லேசாக வெளுத்திருந்தது. மகள் ஒரு பக்கம் பிடித்துப் போர்த்தும்போது அவள் கையில் முந்தி முடிச்சு தட்டுப்பட்டது.

"மாமா, இது..."

"ஒனக்கு நெஞ்சதுதான் தாயி. அக்கா கொண்டு போறா" என்றான்.

முடிச்சை அவிழ்த்தான். நெல் கறுத்துப்போயிருந்தது. பாதியை மகள் மடியில் போட்டான். மீதியை அதே முந்தியில் முடிந்து, முடிச்சை அக்காள் கைக்குள் வைத்தான். நான் பக்கத்தில் நின்றேன். எனக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை.

எடுத்து முடித்து வந்தபின் சம்பந்தியம்மாள் வழக்கப்படி சோறு பொங்கி வைத்திருந்தாள். மச்சினன் கரண்டியை வாங்கி எனக்கு அவனே பரிமாறினான். நான் அவன் கையைப் பிடித்தேன். "நீயும் ஒக்காரு மாப்ளே. ஒரு வாய் சாப்பிடு" என்றேன்.

"துட்டி வீட்டுல என்னத்த அத்தான். இன்னொரு நாள் ஆவட்டும்" என்றான்.

வருஷா வருஷம் தன் அக்காள் திதிக்கு வருகிறான். நடந்துதான் வருகிறான். கூடத்துத் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறான். நான் இலை போட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.