கழுத்தில் கனக்காத கேமரா

கன்டெய்னர் யார்டின் வாசலில் நின்று படமெடுப்பதுதான் மங்கையின் உத்தியோகம். எர்ணாவூர்ப் பக்கம், டிரைலர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையில் இருக்கிறது அந்த யார்டு. உள்ளே நுழைகிற ஒவ்வொரு பெட்டியையும் சுற்றி வந்து, எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு தின்றிருக்கிறது என்று கம்பெனி கொடுத்த போனில் பிடித்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். பின்னால் யாரும் வந்து, உங்கள் யார்டில்தான் இது நசுங்கியது என்று சண்டை போடக்கூடாது பாருங்கள், அதற்காக.

வருஷக்கணக்காக இரும்புப் பெட்டியையே படமெடுத்தால் வேறு யாருக்கும் வெறுத்துப் போயிருக்கும். மங்கைக்கோ பைத்தியம் பிடித்துக்கொண்டது. காலை வெயில் சாய்ந்து விழும்போது நீலப் பெட்டியின் துரு தாமிரமாக மின்னுவதைப் பார்த்தாள். மழை நின்ற மத்தியானத்தில் தேங்கிய தண்ணீரில் கிரேன் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தாள். பார்த்ததையெல்லாம் எடுத்தாள். ஒருநாள் மானேஜர் போன் செய்தார்.

"மங்கை, நசுங்கல் எங்கம்மா? காக்காதான் தெரியுது."

"காக்காவுக்குக் கீழ பாருங்க சார்."

"காக்காவ எதுக்கும்மா எடுத்த?"

"அது சோக்கா குந்திக்கினு இருந்துச்சு சார்."

மானேஜர் போனை வைத்துவிட்டார். ஆனால் அடுத்த வாரம் ஏதோ கையெழுத்துக்காக ஆபீசுக்குள் போன மங்கை, அவருடைய கம்ப்யூட்டர் திரை முழுக்க அந்தக் காக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அன்றைக்கே முடிவு செய்தாள், சொந்தமாக ஒரு நல்ல கேமரா வாங்குவதென்று. அதற்குத் தோதாக போனஸ் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தாள்.

வாங்குவது என்று முடிவு செய்வது சுலபம். எதை வாங்குவது என்பதில்தான் தலை சுற்றியது. யூடியூபில் ஒருத்தர், சென்சார் பெரிதாக இருந்தால்தான் படம், மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்றார். இன்னொருத்தர், பாடியில் காசைக் கொட்டாதீர்கள், லென்ஸில் கொட்டுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மூன்றாவது ஆள் எல்லாவற்றையும் தராசில் வைத்து எடை போட்டார். ஷேர் ஆட்டோவில், சாப்பாட்டு வேளையில், சோறு கொதிக்கிற நேரத்தில் என்று எந்நேரமும் மங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் புருஷன் திருமலை காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்போது கரையில், வீட்டில் இருந்தான். கடைசியில் அவனாலேயே பொறுக்க முடியவில்லை.

"இன்னாமே, கேமரா வாங்கப் போறியா, கேமராக்குப் பொண்ணு பாக்கப் போறியா? நேராப் போயி கேளு."

ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் கமாலுதீன் கடை. கல்யாணப் படக்காரர்களுக்குக் கேமரா வாடகைக்கு விடுவார், விற்கவும் செய்வார். மங்கையை உட்காரச் சொல்லி டீ வரவழைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"இன்னாக்கா எடுக்கப் போறீங்க? கல்யாணமா, காதுகுத்தா?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல பாய். சும்மா. டெய்லி கண்ணுல படறத."

"அதான் கஷ்டம். கல்யாணம்னா நான் கண்ண மூடிக்கினு ஒண்ண எடுத்துக் குடுத்துருவேன். சும்மா எடுக்கறதுக்குத்தான் ரொம்ப யோசிக்கணும்."

அலமாரியைத் திறந்து இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். இரண்டுமே மிரர்லெஸ். பழைய கேமராவில் உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும், இதில் அது கிடையாது, அதனால்தான் உடம்பு இளைத்துவிட்டது என்றார். ஒன்று ஃபுல் ஃபிரேம், பெரிய சென்சார், கூடவே தடியான ஜூம் லென்ஸ். இன்னொன்றில் சென்சார் சின்னது, லென்ஸும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆனால் ஜூம் கிடையாது.

"அப்ப கிட்ட போறது எப்பிடி பாய்?"

"காலு கீதே, நடந்து போங்க." அவர் சிரித்தார். "இந்த ஞாயித்துக்கெழம பெரிச எடுத்துக்கினு போங்க. அடுத்த ஞாயிறு சின்னது. கையும் கழுத்தும் சொல்லும், எது வோணும்னு."

முதல் ஞாயிற்றுக்கிழமை. திருவொற்றியூர்க் கடலோரத்தில் அவர்கள் குப்பத்துத் தெருவில், இளநீர்க் காய் மாதிரி கனத்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மங்கை இறங்கினாள். நாலு வீடு தாண்டவில்லை. வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் சட்டென்று நிமிர்ந்து நின்றார்.

"எந்த டிவிம்மா?"

"டிவி இல்ல பெரிப்பா. நாந்தான் மங்கை, திருமலை பொண்டாட்டி."

"அது தெரியுது. எந்த டிவின்னு கேட்டேன்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கரைக்குப் பெரிய கேமரா வருவதென்றால் கடலில் எண்ணெய் மிதந்திருக்க வேண்டும், இல்லை வீட்டுக்குள் கடல் வந்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் தேர்தல் வந்திருக்க வேண்டும். கேமராவைக் கண்டால் குறையைக் காட்டுவது என்று ஜனம் பழகிப் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் மங்கையைச் சுற்றிக் கூட்டம். உடைந்த சாக்கடை மூடியிடம் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். தெருமுனையில் மீன் விற்கிற கன்னியம்மா, திருமலையின் தங்கை, கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"வணக்கம்! இந்த மூடி ஒடஞ்சு எத்தினி நாளாச்சு தெரிமா? எங்க அண்ணி கூட இதுல வியுந்து கீது!"

"நான் எப்படி வியுந்தேன்?" என்றாள் மங்கை.

"வியுந்தா இன்னா ஆவும்னு சொல்றேன், நீ எடு அண்ணி!"

பைக்கில் போன வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தூரத்திலேயே நின்று இதைப் பார்த்தார். யாருக்கோ போன் பேசினார். போய்விட்டார். மறுநாள் காலை, எத்தனையோ மனுவுக்கு அசையாத சிமென்ட் பலகைகள் லாரியில் வந்து இறங்கின. மத்தியானத்துக்குள் சாக்கடைக்கு மூடி போட்டாயிற்று. தெருவே திருவிழாவாகிவிட்டது. திருமலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

"மே, இத்தயே வாங்கிடு. இன்னா கெத்து பாத்தியா!"

மங்கையோ எடுத்த படங்களைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் துல்லியம், எல்லாம் பளபளப்பு. ஆனால் எந்தப் படத்தைத் தள்ளினாலும் யாராவது விறைத்து நின்றுகொண்டு விரலை எங்கேயோ நீட்டிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா மூன்று படத்தில் இரண்டு கையையும் நீட்டியிருந்தாள். கழுத்து வலி வேறு.

அடுத்த ஞாயிறு சின்னது. டிபன் பாக்ஸ் வைக்கிற பையில் அதையும் போட்டுக்கொண்டு போனாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கன்னியம்மா வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே ஒரு வாடிக்கைக்காரியிடம் பேரத்தில் மும்முரமாக இருந்தாள். செதில் ஒன்று கன்னத்தில் ஒட்டி மின்னியது, அது அவளுக்கே தெரியாது. மங்கை இரண்டடி கிட்டே போய் எடுத்தாள். திருமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேமரா என்று காதில் விழுந்தாலே அவன் தாடை ரேஷன் கார்டுப் படம் மாதிரி இறுகிவிடும், கல்யாண ஆல்பம் முழுக்க அப்படித்தான். அன்றைக்கு அவன் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, பல்லில் ஊசியைக் கவ்விக்கொண்டு, பக்கத்தில் யாரோ சொன்ன கதைக்கு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏய், எப்ப எடுத்தே?" என்றான், நாலு படம் ஆன பிறகு.

ஆசை யாரை விட்டது? ஒரு ஃபைபர் படகு அலையை ஏறிக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. நின்ற இடத்திலிருந்து எடுத்தால் புள்ளி மாதிரிதான் தெரியும். கமாலுதீன் சொன்னபடி மங்கை நடந்தாள். கணுக்கால் தண்ணீர், முழங்கால் தண்ணீர். கண் வியூஃபைண்டரில் இருந்ததால் பக்கத்தில் எழும்பிய அலையைப் பார்க்கவில்லை. இடுப்பு வரை நனைந்து, கேமராவிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். அடுத்தவர் பொருள்!

"ஆன் பண்ணாதே! குடு இப்பிடி!" திருமலை ஓடிவந்தான். பேட்டரியைக் கழற்றினான். நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து உப்பைத் துடைத்தான். பிறகு காய்ந்த துணி. படகில் வயர்லெஸ் பெட்டிக்குச் செய்கிற அதே வைத்தியம். ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டு இருவரும் பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்கள்போல நின்றார்கள். சாயங்காலம் பேட்டரியைப் போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. கடைசிப் படத்தில் படகு மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்து நின்றது. ஓட்டுகிறவரின் துண்டு பறந்தது. ஒரு மூலையில் மட்டும் லென்ஸில் விழுந்த நீர்த்துளி மங்கலாக. மங்கை அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

மனசு சின்னதில் நின்றுவிட்டது. ஆனால் மறுநாளே தெருப் பெண்கள் கன்னியம்மா தலைமையில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"அண்ணி, பெரிசத்தான் நீ வாங்கணும். தெரு லைட்டு பாக்கி கீது. தண்ணி பைப்பு வேற கீது."

மங்கைக்குத் தர்மசங்கடம். சாக்கடை மூடி சாமானிய விஷயமா? ராத்திரி வேலை முடிந்து வருகிற பெண்கள் அந்த இருட்டில்தானே நடக்கிறார்கள்? தன் ஆசைக்காக அதைத் தட்டிவிட முடியுமா? டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அடுத்த நாள் கமாலுதீனிடம் போய், முதலில் கேமரா நனைந்ததைச் சொன்னாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாடி தண்ணி தாங்கும். லென்ஸுதான் தாங்காது. ஒங்க நல்ல நேரம்கா, பொழச்சிக்கிச்சு. தண்ணிக்குள்ள எறங்கற ஆளுக்கு ரெண்டுமே தாங்கறதா குடுக்கணும்னு இப்பதான் தெரியுது." இதே சின்ன பாடிக்கு ரப்பர் வளையம் வைத்து இறுக்கிய வேறொரு லென்ஸை மாட்டிக் காட்டினார். கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். "இன்னோரு விசயம். ஒங்க யார்டு பக்கம் காத்துல கரித்தூளு. லென்ஸக் கழட்டுனா தூளு நேரா சென்சார் மேல போயி குந்திக்கும், மறைக்க உள்ள கண்ணாடி கெடையாது. அதனால ஒரே லென்ஸ். மாட்டுனா மாட்டுனதுதான், ரோட்டுல கழட்டக் கூடாது."

மங்கை கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் விரல்களுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. அப்படியே தெருக்காரர்களின் கோரிக்கையையும் சொன்னாள். கமாலுதீன் தாடியைச் சொறிந்தார். பிறகு ஸ்டூலில் ஏறி, மேல் தட்டிலிருந்து பூதம் மாதிரி ஒரு கேமராவை, முழங்கை நீள லென்ஸோடு இறக்கினார்.

"இது ஒரு கல்யாணத்துல ரசக் குண்டானுக்குள்ள வியுந்துருச்சு. படம் எடுக்காது. ஆனா மூஞ்சி இன்னா பெரிசு பாருங்க! ஒங்க நாத்தனாருக்குக் குடுங்க, சும்மாவே வெச்சிக்கட்டும்."

அந்த வாரமே கன்னியம்மா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எரியாத விளக்குக் கம்பத்தடியில் போய் நின்றாள். ஜனம் கம்பத்தைப் பார்த்து விரல் நீட்டியது. பக்கத்தில் மங்கை, போனஸ் பணத்தில் வாங்கிய தன் சின்ன கேமராவில், மின்கம்பியையும் உடைந்த விளக்கையும் ஒழுங்காகப் படமெடுத்து மனுவோடு சேர்த்து அனுப்பினாள். விளக்கு எரிந்தது. மனுவால் எரிந்ததா, ரசத்தில் விழுந்த கேமராவால் எரிந்ததா என்று தெருவில் இன்னும் வழக்கு நடக்கிறது. நீ பத்திரிகையா என்று யாராவது கேட்டார்களா என்று திருமலை தங்கையை விசாரித்தான்.

"யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றாள் கன்னியம்மா.

தடைக்காலம் முடிகிறவரை மங்கைக்கு வீடே ஸ்டூடியோ. திருமலை இறால் தொக்கு செய்தான், எடுத்தாள். உப்பு பார்க்கிறேன் என்று நாக்கைச் சுட்டுக்கொண்டு குதித்தான், அதையும் எடுத்தாள். போகப்போக அவன் தாடை இறுகுவதை மறந்துவிட்டது. படகு கிளம்புகிற அன்றைக்கு, நாக்கைச் சுட்டுக்கொண்ட படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவன் துணிப்பைக்குள் வைத்து அனுப்பினாள். படகின் கேபினில் அவனே அதை ஒட்டியிருக்கிறான். நடுக்கடலில் சிக்னல் கிடையாது. கரை கண்ணுக்குத் தெரிந்ததும் முதல் போன் வந்தது.

"மே, அந்தப் போட்டோவப் பாத்து எல்லாம் சிரிச்சிக்கினே கீறானுங்க. இப்ப அவனுங்களையும் எடுக்கணுமாம். ஞாயித்துக்கெழம குடும்பத்தோட வூட்டுக்கு வராங்களாம்."

"வரட்டும்யா" என்றாள் மங்கை. யார்டு வாசலில் அடுத்த லாரி ஹாரன் அடித்தது. "ஆனா இஸ்திரி போட்ட சட்டை வேணாம்னு சொல்லு. வரும்போது ஆளுக்கு ஒரு கிலோ இறால் எடுத்துக்கினு வரச் சொல்லு, உரிச்சிக்கினே இருக்கட்டும், நான் எடுத்துக்கினே இருக்கேன்."