திங்கட்கிழமை மீட்டிங்கும் எதிர்த்தாற்போல் இருந்த பேக்கரியும்

மெஷின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெய் வாடை... எத்தனை சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது.

கணபதி ஏரியாவில் ஒரு பம்பு கம்பெனி. டிப்ளமோ முடித்த கையோடு டெஸ்டிங் பிரிவில் சேர்ந்தேன். அம்மாவும் அப்பாவும் வெள்ளகோவில் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய முதல் ஆள் நான்தான்.

இரண்டாவது மாதம். சோதித்த பம்புகள் வரிசையாகக் கசிந்தன. அளந்து பார்த்தால், தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீல் உட்காரும் இடத்தின் அளவே தவறு. திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் முன்னால் எழுந்து சொல்லிவிட்டேன்.

"மெஷின்லயே அளவு தப்பா வருதுங்க சார்."

மெஷின் பிரிவு சூப்பர்வைசர் தங்கவேல் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"புது அம்மணிங்க சார். இன்னும் அளக்கவே பழகலைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த மூன்று நாளும் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை... பம்புகள் கசிந்துகொண்டே இருந்தன. ஊருக்கே பஸ் ஏறிவிடலாமா என்றுகூட இருந்தது. ஏறக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஸ்டோர்ஸில் இருந்த ஸ்டெல்லா என் வயதுக்காரி. சாப்பிடும்போது அவளிடம் புலம்பினேன்.

"ஏம்புள்ள, மீட்டிங்ல போய் எதுக்குப் பேசுன? அங்க எல்லாரும் தலையாட்டத்தான் வாராங்க. பேச்செல்லாம் பேக்கரியிலயே முடிஞ்சுபோயிருமே!"

அதன் பிறகுதான் கவனித்தேன். பத்தரை மணிக்கு ஆண்கள் எல்லாம் கேட்டுக்கு எதிரே இருந்த பேக்கரிக்கு டீ குடிக்கப் போவார்கள். பெண்களுக்கு டீ உள்ளேயே வந்துவிடும். எந்த மெஷினை நிறுத்துவது, யாரை எங்கே போடுவது... எல்லாம் அங்கே நின்றபடியே முடிவாகிவிடும்.

மறுநாள் நானும் போனேன். கையில் கசிந்த பம்பின் பாகங்கள் இரண்டு. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நேராகத் தங்கவேல் அண்ணனிடம் போனேன்.

"ஏனுங்கண்ணா, உங்ககிட்ட மொதல்ல சொல்லியிருக்கோணுங்க. அத்தனை பேர் முன்னாடி சொன்னது என் தப்புங்க. ஆனா அளவும் தப்புதானுங்க. நீங்களே ஒருக்கா அளந்து பாருங்க."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, "வா அம்மணி" என்று மெஷினைப் பார்த்து நடந்தார்.

மெஷினில் இரும்பைக் கடையும் டூல் தேய்ந்திருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவரே எழுந்தார். "டூல் தேஞ்சுபோச்சுங்க சார், மாத்தியாச்சு. அம்மணிதான் கண்டுபுடிச்சுது."

இரண்டே வருடத்தில் டெஸ்டிங் பிரிவு என் பொறுப்புக்கு வந்தது. அந்த நாளுக்குப் பிறகு பத்தரை மணி டீயை நான் உள்ளே குடித்ததே இல்லை. கொஞ்ச நாளில் ஸ்டெல்லாவும் கூட வர ஆரம்பித்தாள்...

போன மாதம் சரவணம்பட்டியில் புதுக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். பம்பு டிசைன் வேலை. ஏசி ஹால், மாடிக்கு ஒரு டீ மெஷின். ஆளுக்கொரு கப்பை எடுத்துக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிச் சீட்டுக்குப் போய்விடுகிறார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை, முறைப்பதும் இல்லை. இங்கே முடிவெல்லாம் எங்கே எடுக்கிறார்கள்? இன்னும் பிடிபடவில்லை.

பிடிபடும்.

நேற்று டிசைன் டீம் லீடர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "ஏனுங்க, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமுங்களா?"

ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.