பெட்டி நாடாவுக்கு முன்னால் நின்ற கெர்டா அம்மா

வரிசைப்படுத்தாமல் எழுதினால் எனக்குக் கை ஓடாது. ஆகவே சொல்லப்போவதை முதலிலேயே குறித்துவிடுகிறேன்.

1. கெர்டா அம்மா முதலமடைக்கு வந்த விதம்.
2. அவர் பேசிய தமிழ்.
3. அவருக்குத் தோற்கத் தெரியாது என்பது.

அவரை அறிந்த உங்களில் பலர் இதை என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவர் மாங்காய் வியாபாரி சின்னசாமி. வண்டியை அணைக்காமலே வாசலில் நின்று, "மாஷே, வெரசா வாங்க. கெர்டாம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். வாத்தியாரான என்னைப் பாலக்காட்டு வழக்கப்படி 'மாஷ்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நான் சட்டையைத் தேடுவதைப் பார்த்து அவரே தணிந்தார். "மெதுவாவே வாங்க. இனி வெரசாப் போயி என்ன பண்றதுங்க."

கெர்டா அம்மா ஜெர்மனியில் ஒரு சிற்றூர்த் தையற்காரரின் மகள். நாட்டுக்காக நூறு மீட்டர் ஓடியவர். தொடைத் தசை கிழிந்து ஓட்டம் நின்றதும் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையானார். ஓய்வுபெற்றபின், அந்தப் பழைய வலிக்கு எண்ணெய்ச் சிகிச்சை செய்துகொள்ளக் கொல்லங்கோட்டுக்கு வந்தார். வலி போயிற்று, அவர் போகவில்லை. பக்கத்தில் எங்கள் முதலமடையில் ஒரு மாந்தோப்புக்குள் வாடகைக்கு வீடு பிடித்தார். இடையில் ஊருக்குப் போனாலும் மாங்காய்ப் பருவத்துக்குத் திரும்பிவிடுவார்.

மாங்காய் தரம் பிரிக்கும் பெண்களிடம் தமிழ் கற்றார். மரியாதை யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பார்க்கமாட்டார். தோப்பு நாயிடமும் "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பார். அதுவும் எழுந்து தள்ளிப் படுக்கும். "நாங்க கத்துனாக் காதுலயே வாங்கறதில்லீங்க" என்று அந்தப் பெண்களுக்குக் குறை.

மூன்றாவதற்கு வருகிறேன். இளமையில் ஒரு நெஞ்சு அகலத்தில் இழந்த பந்தயத்தைப் பற்றிப் பேசினால் மேசையைக் குத்துவார், சாயா சிந்தும். அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்தது. "அப்புறம் யாரும் என்கூட நெசமா ஓடலீங்க மாஷ். எல்லாரும் மரியாதை பண்றாங்க. சாகறதுக்குள்ள ஒருக்கா நெசமா ஓடணும்."

தோப்புக்காரர்களின் ஆண்டு விழாவில் முதியோர் ஓட்டம் என்றார்கள். அவர் பெயர் கொடுத்தார். என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். மறுக்க எனக்குத் தைரியம் இல்லை. விருந்தாளி சாப்பிடத் தொடங்காமல் இலையில் கைவைக்காத ஊர் இது. ஆகவே விருந்தாளியே ஜெயிக்க வேண்டும் என்று மற்றவர்கள் தமக்குள் பேசிவைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் சொல்லவில்லை. என்னால் ஆபத்து வராது என்று நினைத்திருக்கலாம்.

விசில் ஊதியதும் தலையைக் குனிந்துகொண்டு ஓடினேன். நிமிர்ந்தபோது எல்லையில் ஒரே கூட்டம். மாங்காய்ப் பெட்டி கட்டும் நாடாவை அங்கே குறுக்கே பிடித்திருந்தார்கள். அதற்குச் சில அடி முன்னால் கெர்டா அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். அவருக்குப் பின்னால், கூட ஓடிய அத்தனை பேரும் நின்றார்கள்.

"நீங்க போங்கம்மா."

"நீங்க போங்க."

"அட, விருந்தாளி நீங்க. மொதல்ல நீங்கதான் போகோணும்."

"எனக்கு விருந்து வேண்டாமுங்க. ஓடறவங்க வேணும்!" என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்கோ ஓடிய வேகத்தில் நிற்க வரவில்லை. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். காலடிச் சத்தம் கேட்டு அவர் திரும்பினார்.

"மாஷ்! நெசமாவா ஓடறீங்க?"

நான் நாடாவைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்தேன். உடனே அவரும் பாய்ந்தார். நாடா என் நெஞ்சில் பட்டபோது அவருடைய தோள் என் தோளை உரசியது.

சின்னசாமி தலையில் கைவைத்தார். "அடப் பாவி மாஷே, விருந்தாளியைத் தோக்கடிச்சுப்போட்டீங்களே!"

நான் விழாமல் இருக்க என் கையைப் பிடித்திருந்த கெர்டா அம்மா, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: "இவரைத் திட்டாதீங்க. இன்னைக்கு எனக்கு மரியாதை பண்ணினது இவரு ஒருத்தர்தானுங்க."

அதன்பின் தோப்புக்கு யார் வந்தாலும், "இவரு என்னைத் தோக்கடிச்சவருங்க" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார். நான் தரையைப் பார்ப்பேன்.

பேருந்துப் படியருகே எல்லோருக்கும் வழிவிட்டு நின்று, பேருந்தையே தவறவிடுவது என் பழக்கம். இப்போது ஏறிவிடுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அது.

எழுதியதை மேலிருந்து படித்துப் பார்த்தேன். மூன்றாவது குறிப்பு தவறு. அவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற இன்னொருவரை நான் பார்த்ததில்லை.