காகிதத்தில் விடாத சொட்டு

பெயிண்ட் அடிக்கும் கம்ப்ரசர் வாங்க மச்சினனிடம் கைநீட்டி வாங்கிய நாற்பதாயிரத்தைப் பெயிண்டர் இன்னும் திருப்பித் தரவில்லை. ஆறு வருஷமாக "அடுத்த மாசம்" என்றே ஓட்டிவிட்டார். இப்போது மச்சினன் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியாக வேண்டும். அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை. பட்டறைக்கு வந்து சும்மா நின்றுவிட்டுப் போவான். அதுதான் இவரைக் குடைந்தது.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இருந்தாலும் காருக்குப் பளபளப்பு ஏற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெயிண்டை இளக்குவது டொலுவீன். அடித்ததும் அது பறந்துபோகும், பெயிண்ட் மட்டும் தங்கும். மண்ணெண்ணெய் கலந்த சரக்கு என்றால் எல்லாம் பாழ். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்: அசல் தடமில்லாமல் காயும், கலப்படம் எண்ணெய் வட்டம் போடும். அந்தக் காகிதமெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு. அவருக்கு மூக்கே போதும். அதை முகமூடி போட்டு மூடியதும் கிடையாது.

வக்கீல் ஒருவரின் கார் வந்தது. முழு வண்டிக்கும் பெயிண்ட். அந்தக் கூலியில் கடன் தீர்ந்துவிடும். புது டொலுவீன் கேனைத் திறந்தபோது மச்சினன் பக்கத்தில் நின்றான்.

"ஒரு சொட்டு காகிதத்துல விட்டுப் பாத்துடுங்க மச்சான்."

"யாருக்குடா சொல்றே? கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்." முகர்ந்தார். "அசல்."

சாப்பாடு கொண்டுவந்த மனைவி தம்பியிடம் சொன்னாள்: "காலையில பால் தீஞ்சு தெருவே நாறுச்சு. அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து டீ குடிச்சுச்சு இந்த மூக்கு."

"பொம்பளைக்குப் பட்டறையில என்ன பேச்சு," என்றவர் பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியை நிரப்பினார்.

மறுநாள் கார் முழுக்க அம்மைத் தழும்பாகக் குழி. தொட்டால் விரல் ஒட்டியது. வக்கீல் கூலி தரவில்லை. கொடுத்த முன்பணத்தையும் வாங்கிக்கொண்டு வண்டியை வேறு பட்டறைக்கு ஓட்டிப்போனார்.

ஆள் போனபின் பெயிண்டர் கேனுக்குள் முகத்தைக் கவிழ்த்தார். மூக்கில் சில்லென்று பட்டது, அவ்வளவுதான். பழைய கேன், டீசல், புளித்துப்போன சோறு என்று ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. இத்தனை நாளும் கேனின் லேபிளைத்தான் முகர்ந்திருக்கிறார்.

கம்ப்ரசரை விற்றுவிட்டு மச்சினன் வீட்டுக்குப் போனார்.

"இனிமே வேலைக்கு என்ன பண்ணுவீங்க மச்சான்?"

"எனக்கா வேலை கெடைக்காது? கூப்புடுறதுக்கு நூறு பேர் இருக்கான்."

இப்போதைக்குப் பணம் வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்வானென்று காத்திருந்தார். மச்சினன் உள்ளங்கையை விரித்தான். பெயிண்டர் ஐந்நூறு ஐந்நூறாக எண்ணி அதில் வைத்தார்.