பென்சில் தேதி

பிளேடால் பென்சிலைச் சீவும்போது அவள் கையைப் பார்ப்பதில்லை, வாசலைப் பார்க்கிறாள். சீவல் சுருள் சுருளாகக் குப்பைக்கூடைக்குள்ளேயே விழுகிறது. வாசலில் யாராவது தயங்கி நின்றால், "உள்ள வா, கதவு கடிக்காது" என்கிறாள். வந்து உட்கார்ந்தவரிடம் என்ன நோய், எப்போதிலிருந்து, ஏன் இன்னும் சரியாகவில்லை என்றெல்லாம் கேட்பதில்லை. அதெல்லாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே கோப்பில் ஏறிவிட்டது. அவள் கேட்பது ஒன்றுதான்.

"எத்தனை நாள் வேணும்?"

எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். இரண்டு நாள். முதுகுத்தண்டில் அறுவை செய்துகொண்டவனும் இரண்டு நாள் என்கிறான். மருந்து மாற்றியதால் நாளெல்லாம் தூங்கி வழிகிறவளும் இரண்டு நாள் என்கிறாள். கூடக் கேட்டால் திருட்டுப்பட்டம் வந்துவிடும் என்ற பயம். "சரி, ரெண்டு" என்று தலையாட்டிக்கொண்டே அவள் நான்கு நாள் தள்ளித் தேதியைக் குறிக்கிறாள்.

பல்கலைக்கழகத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டு வளைந்து ஏறும் இடத்துக்குக் கீழே இருக்கிறது அவள் அறை. மாற்றுத்திறன் மாணவர் உதவிப் பிரிவு என்று பலகை சொல்கிறது. பிரிவு என்றால் அவள் ஒருத்தி, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பூட்டினால் திறக்காத ஒரு பீரோ. அவள் கொடுப்பது ஒரு பச்சைச் சீட்டு. குறிப்பிட்ட தேதிவரை இந்த மாணவர் வேலையைத் தாமதமாகக் கொடுக்கலாம், அதுவரை வராத நாட்களை வராத நாட்களாகக் கணக்கிடக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். பெயர், எண், துறை, கையெழுத்து எல்லாவற்றையும் நீலப் பேனாவில் எழுதுகிறாள். தேதியை மட்டும் பென்சிலில், காகிதத்துக்கு வலிக்குமோ என்பதுபோல மெல்ல எழுதுகிறாள். அதனால் மாணவர்களுக்கு அவள் பென்சிலக்கா.

காரணம் இல்லாமல் இல்லை. பேனாவில் எழுதிய தேதியை அடித்துத் திருத்தினால் சீட்டு செல்லாது. புதுச் சீட்டு வேண்டும். அதற்குப் புது மருத்துவக் கடிதம் வேண்டும். "வலியில சுருண்டு கெடக்குற பிள்ளைய, போய் டாக்டர் வாசல்ல வரிசையில நில்லுன்னு சொல்லச் சொல்றீங்களா? எனக்கு வாய் வராது" என்பாள். நோய் நீண்டால் அழித்து எழுதுவாள். வேலை கைக்கு வந்து சேர்ந்த அன்று, பென்சில் தேதியின் மேலேயே பேனாவை ஓட்டி முடித்துவிடுவாள்.

இந்த இரண்டு நாள் கதை அவளுக்குத் தம்பியிடமிருந்து வந்தது. அவனுக்கு வலிப்பு. படித்த காலத்தில், தேர்வுக்கு முந்தின வாரம் வலிப்பு வந்து, இரண்டு நாள் விடுப்புக் கேட்டான், கொடுத்தார்கள். மூன்றாம் நாள் தலை தெளியாமலே போய் உட்கார்ந்தான். கேட்டது இரண்டு நாளாயிற்றே, இன்னும் எப்படிக் கேட்பது? அந்த ஆண்டு போயிற்று. அதோடு படிப்பும் போயிற்று. இப்போது கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். அக்காவைச் சீண்ட நினைக்கும்போதெல்லாம் இதைத்தான் எடுப்பான். "பேரை மட்டும் சரியா எழுதியிருந்தேன்க்கா. அதுக்காவது ஒரு மார்க் போட்டிருக்கலாம் உங்க ஆளுங்க." அவளும் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் பென்சிலைத் தேடுவாள்.

அவளிடம் ஒரு குறையும் உண்டு. படியேற மாட்டாள். துறைகள் எல்லாம் மாடிகளில் இருக்கின்றன. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. "இந்தப் படிக்கட்டுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்" என்பாள். முழங்காலை மடக்கினால் டொக்கென்று ஒரு சத்தம் வரும். அதைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் போட்டும் காட்டுவாள். போன மாதம்வரை, ஆறு ஆண்டில் அவள் மேலே போனது இரண்டே முறை. வேலைக்குச் சேர்ந்த அன்று ஒன்று. குழாய் உடைந்து தரைத்தளத்தில் தண்ணீர் நின்ற அன்று இன்னொன்று. ஆகவே சீட்டின் அசல் கீழே அவள் மேசை இழுப்பறையில் இருக்கும். நகல் எடுத்து, மேலே போகிற யார் கையிலாவது கொடுத்தனுப்புவாள். தேதி மாறினால் இன்னொரு நகல்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்து வாசலில் நின்றாள். கறுப்புக் கண்ணாடி, நெற்றிவரை இழுத்துவிட்ட தொப்பி. அவளுக்கு ஒற்றைத் தலைவலி. வந்தால் வெளிச்சம் ஊசியாகக் குத்தும். திரை போட்ட அறையில் நாள்கணக்கில் கிடப்பாள். வகுப்பில் அவளுக்கு ஹீரோயின் என்று பெயர்.

"வாங்க ஹீரோயின். ஷூட்டிங் முடிஞ்சிருச்சா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அக்கா, நாளைக்கு மத்தியானம் ஒட்டுற லிஸ்ட்ல என் நம்பர் இருக்காம். பரீட்சை எழுத முடியாதாம்."

பென்சிலக்கா இழுப்பறையைத் திறந்தாள். பச்சைச் சீட்டு இருந்தது. ஆய்வகப் பதிவேட்டை ஆறாம் தேதி கொடுத்திருக்க வேண்டும். இந்தப் பெண் கேட்டது வழக்கம்போல இரண்டு நாள். பென்சிலக்கா எழுதியது பத்தாம் தேதி. தலைவலி விடாததால் பத்து பதின்மூன்றாகி, பதின்மூன்று பதினாறானது. பதிவேட்டைப் பதினைந்தாம் தேதியே நேரே மேலே கொடுத்துவிட்டதாக அந்தப் பெண் இப்போதுதான் சொன்னாள்; அதனால் சீட்டில் தேதி இன்னும் பென்சிலிலேயே இருந்தது. மூன்று முறையும் நகல் மேலே போயிருக்கிறது.

"உங்க ஃபிசிக்ஸ் சார் என்ன சொன்னாரு?"

"சீட்டே வரலைங்கிறாருக்கா. வந்ததெல்லாம் வெத்துத் தாளாம். ஒம்பது நாள் ஆப்சென்ட். எழுபத்தஞ்சு சதவீதத்துக்குக் கீழ போயிட்டேன். ரெக்கார்டுக்கும் சைபர்."

பென்சிலக்கா அசலை எடுத்துக்கொண்டு நேரே தாழ்வாரத்துக்குப் போனாள். நகல் எந்திரம் அங்கேதான் இருக்கிறது; அதற்கு முந்தின மாதம்தான் புதிதாக வந்தது, பழையதில் பென்சிலும் விழும். சீட்டை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். நகல் வந்தது. பெயர் இருந்தது, எண் இருந்தது, அவள் கையெழுத்தும் பளிச்சென்று இருந்தது. தேதிக்கான கட்டம் வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னொரு முறை எடுத்துப் பார்த்தாள். அதே வெள்ளை.

மற்ற துறைகளில் கையெழுத்தைப் பார்த்ததும் கோப்பில் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு வரியையும் படிக்கிற ஒரே ஆள் அந்த இயற்பியல் பேராசிரியர்தான்.

"நீ இங்கயே இரு. விளக்கை வேணா அணைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, இழுப்பறையில் இருந்த இந்தப் பருவத்துச் சீட்டுகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டாள். லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். வழக்கம்போல விளக்கு எரியவில்லை. மூன்றாம் மாடிக்கு ஐம்பத்தெட்டுப் படி. ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று ஏறினாள்.

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். மேசையில் மூன்று நகல்கள் தயாராக இருந்தன.

"வாங்க மேடம். ஒரு தடவை மறந்திருந்தா பரவாயில்ல. மூணு தடவை தேதியில்லாத சீட்டு அனுப்பியிருக்கீங்க. நானே போட்டுக்கணும்னு விட்டுட்டீங்களா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. "தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல சார். என் கால் மேல."

"என்னது?"

"அசலை நானே எடுத்துட்டு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். மாடி ஏற சோம்பல்பட்டு ஜெராக்ஸ் அனுப்பிட்டேன். அதுல பென்சில் விழலை."

அவர் அசலை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். பதினாறுக்கு அடியில் பதின்மூன்றின் தடம், அதற்கும் அடியில் பத்தின் தடம். "ஒரு சீட்டுல மூணு தேதி. இப்படி இழுத்துக்கிட்டே போனா யாரு எப்ப வேணா குடுக்கலாம். உட்கார்ந்து எழுதி ஆறாம் தேதியே குடுத்த பசங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் கேட்டதில் கோபத்தைவிடக் கவலைதான் இருந்தது. அவள் கையில் இருந்த கட்டை மேசையில் வைத்து, ஒரு சீட்டை உருவி அவரிடம் நீட்டினாள்.

"இதையும் அதே மாதிரி வெளிச்சத்துல பாருங்க சார்."

பார்த்தார். மேலே பேனாவில் இருபது. அடியில் அழித்த தடம் இருபத்திரண்டு. இன்னொன்றில் ஏழு, அடியில் ஒன்பது. அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார். சிலவற்றில் தேதி நீண்டிருந்தது. பலவற்றில் மாறவே இல்லை. நாற்பத்தொரு சீட்டில் பதினான்கில் தேதி முன்னால் வந்திருந்தது.

"இதெல்லாம் என்ன?"

"நான் குடுத்த நாளுக்கு முன்னாடியே கொண்டு வந்துட்டாங்க சார். அதான் அழிச்சு எழுதினேன். வாங்காத நாளை வாங்கின மாதிரி ஏன் காட்டணும்?"

"இதை நீங்க யார்கிட்டயும் சொன்னதில்லையே."

"யாரும் கேட்டதில்ல. நானும் மேல வந்ததில்ல."

அவருக்கு உதட்டோரம் லேசாக இழுத்தது. சிரிப்பாக வளர விடவில்லை. பட்டியலை எடுத்தார். ஓர் எண்ணின்மேல் பேனாவால் கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். "ரெக்கார்டை நாளைக்குத் திருத்தறேன்" என்றார். பிறகு, "பென்சில்லயே எழுதுங்க. ஆனா ஜெராக்ஸ் வேண்டாம். அசலைக் கொண்டு வந்து காட்டணும். தேதி மாறுற ஒவ்வொரு தடவையும்."

"ஒவ்வொரு தடவையுமா சார்?"

"ஒவ்வொரு தடவையும்."

அன்றிரவு தம்பியிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அவரு உனக்கு வெச்ச பரீட்சைக்கா இது. நீ ரெண்டு நாள் லீவு கேளு."

இந்த வாரம் அந்தக் கறுப்புக் கண்ணாடிப் பெண் மீண்டும் படுத்துவிட்டாள். திங்கட்கிழமை சீட்டுப் போட்டாயிற்று. மேலே கொண்டுபோய்க் காட்டியும் ஆயிற்று. வியாழக்கிழமை காலை தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. உரக்கப் பேசினாலும் தலை தெறிக்கும்.

"அக்கா, இன்னும் விடலை. ஒரு ரெண்டு நாள் மட்டும்..."

"சரி, ரெண்டு. போனை வெச்சுட்டுத் தூங்கு."

பென்சிலக்கா பழைய தேதியை அழித்தாள். துகளை ஊதினாள். நான்கு நாள் தள்ளிப் புதிய தேதியை எழுதினாள். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, சீட்டை எடுத்து வெளியே வந்தாள். லிஃப்ட் பொத்தானில் வெளிச்சம் இல்லை. கைப்பிடியைப் பற்றி முதல் படியில் காலை வைத்தாள். முழங்கால் டொக்கென்றது. மற்றக் காலை எடுத்து இரண்டாவது படியில் வைத்தாள்.